பாலைக்குப் போய்த் திரும்புதல்

கோலாலம்பூரில் சில நாள்களில் ஒரே பிற்பகலில் கொட்டித் தீர்த்துவிடும் மழை, அமெரிக்காவின் மரணப் பள்ளத்தாக்கில் பெய்து முடிய ஓர் ஆண்டு ஆகும். கலிபோர்னியா மாநிலத்தில் இருக்கும் இந்தப் பாலைநிலத்தின் ஓராண்டு மழையளவு ஏறத்தாழ 50 மில்லிமீட்டர்தான். 1913-ஆம் ஆண்டு ஜூலை 10-ஆம் நாள் அங்கே பதிவான 56.7 பாகை செல்சியஸ், உலகிலேயே மிக உயர்ந்த காற்று வெப்பநிலை என்று இன்றும் ஏட்டில் இருக்கிறது. பள்ளத்தாக்கின் அடித்தளம் கடல் மட்டத்திற்கு 86 மீட்டர் கீழே கிடக்கிறது. சிலாங்கூர் மாநிலத்தைவிடப் பெரிய இந்த நிலப்பரப்பு, 1994 முதல் தேசியப் பூங்காவாக உள்ளது.

பாலைத்திணைக்கு வேனிற்காலத்தையும் நண்பகலையும் உரிய பொழுதுகளாக நம் இலக்கணம் வகுத்திருக்கிறது. பாலையைச் சுற்றிப் பார்க்கப் போகிறவர்கள் இதற்கு நேர்மாறாக நடந்துகொள்வதே நல்லது. குளிர்காலத்தில் போக வேண்டும். காலையிலேயே புறப்பட வேண்டும். நம் ஆண்டிறுதி விடுமுறை மாதமான டிசம்பர் அதற்குப் பொருத்தமானது. அப்படி ஒரு டிசம்பரில், உங்கள் குடும்பம் பள்ளத்தாக்கின் நடுவே உள்ள ஃபர்னஸ் கிரீக் என்னும் சிற்றூரில் தங்கியிருப்பதாக வைத்துக்கொள்வோம். நீங்கள் பார்க்க விரும்புவது ‘ரேஸ்டிராக்’ என்று அழைக்கப்படும் வறண்ட ஏரிப்படுகையை. அங்கே கற்கள் தாமாக நகர்கின்றன. நகர்ந்த தடம் நீண்ட கோடாக மண்ணில் பதிந்து கிடக்கிறது.

தூரம் ஏறத்தாழ 134 கிலோமீட்டர். நம் நெடுஞ்சாலையில் இது ஒன்றரை மணி நேரப் பயணம். அங்கே மூன்றரை மணி நேரம் பிடிக்கும். உபேஹீபி என்னும் எரிமலை வாய்க்கு அருகில் தார்ச்சாலை முடிந்துவிடுகிறது. அதற்கு அப்பால் நாற்பது கிலோமீட்டருக்கும் மேல் சரளையும் கூரிய கற்களுமான பாதைதான். செம்பனைத் தோட்டத்துச் செம்மண் சாலையில் போனவர்களுக்கு அந்தக் குலுக்கல் சற்றுப் பழக்கமாக இருக்கலாம். ஆனால், இந்தப் பாதை நெளிதகரக் கூரையைப் படுக்கப் போட்டது போல் இருக்கும். முன்னே சென்ற வண்டிகளின் சக்கரங்கள் துள்ளித் துள்ளி விழுந்ததால் உண்டான மேடு பள்ளங்கள் அவை.

விமான நிலையத்தில் வாடகைக்கு எடுத்த மகிழுந்திலேயே போய்விடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். வண்டி உயரமாக இருந்தால் இந்த நினைப்பு இன்னும் வலுக்கும். ஆனால், சாதாரண வாடகை ஒப்பந்தங்களில் தார்ச்சாலையை விட்டு இறங்கக்கூடாது என்ற விதி பெரும்பாலும் இருக்கும். சிறிய எழுத்தில் இருப்பதால் அதை யாரும் படிப்பதில்லை. விதியை மீறினால் காப்புறுதி செல்லாது. பழுதான வண்டியை அங்கிருந்து இழுத்து வரும் செலவே ஆயிரம் டாலரைத் தாண்டிவிடும்.

டயர்தான் இங்கே பெரிய சிக்கல். நகரச் சாலைக்கான டயரின் பக்கச்சுவர் மெல்லியது. கூரிய கல் அதைக் கத்திபோல் கிழித்துவிடும். தரையைத் தொடும் பகுதியில் ஆணி குத்தினால் ஒட்டுப் போட்டுச் சமாளிக்கலாம். பக்கச்சுவர் கிழிந்தால் அந்த டயரைத் தூக்கி எறிய வேண்டியதுதான். சில வாடகை மகிழுந்துகளில் உதிரி டயரே இருப்பதில்லை. இருந்தாலும், அவசரத்திற்கு மட்டும் பயன்படும் மெல்லிய டயராக இருக்கும். எனவேதான் இந்தப் பாதைக்கென்றே தடித்த டயர்களும் உயரமான அடிப்பகுதியும் கொண்ட ஜீப்பைத் தனியாக வாடகைக்கு எடுக்கிறார்கள். பேச்சு வழக்கில் நாம் ‘ஃபோர் வீல்’ என்போமே, அந்த வகை வண்டி. எஞ்சினின் விசை நான்கு சக்கரங்களுக்கும் செல்வதால், இரண்டு சக்கரங்கள் மணலில் வழுக்கினாலும் மற்ற இரண்டும் இழுத்துவிடும். வாடகை மலிவன்று.

சாவியைக் கொடுப்பதற்கு முன் கடைக்காரர் உங்களிடம் சில கேள்விகள் கேட்பார். “எந்தப் பாதையில் போகிறீர்கள்? எத்தனை பேர்? எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள்? எவ்வளவு தண்ணீர் வைத்திருக்கிறீர்கள்?” விடுமுறைக்கு வந்த இடத்தில் இது என்ன விசாரணை என்று எரிச்சல் வரலாம். ஆனால், ஒவ்வொரு கேள்விக்குப் பின்னாலும் யாரோ ஒருவருடைய பயணம் இருக்கிறது.

பள்ளத்தாக்குக்கு இந்தப் பெயர் வந்ததே ஒரு குறுக்குவழியால்தான். 1849-இல் கலிபோர்னியாவில் தங்கம் தேடிச் சென்றவர்களில் ஒரு கூட்டத்தார், தெரிந்த பாதையை விட்டுவிட்டு, நாள்களை மிச்சப்படுத்தும் வழி என்று நம்பி இங்கே வந்து சிக்கிக்கொண்டனர். மாடுகளைக் கொன்று, வண்டிகளையே விறகாக எரித்து, அந்த இறைச்சியை வாட்டி எடுத்துக்கொண்டு சிலர் நடந்தே வெளியேறினர். பள்ளத்தாக்கினுள் இறந்ததாகத் தெரிவது ஒருவர்தான். ஆயினும், ‘மரணப் பள்ளத்தாக்கு’ என்ற பெயர் நிலைத்துவிட்டது.

ஒன்றரை நூற்றாண்டுக்குப் பிறகும் குறுக்குவழியின் கவர்ச்சி குறையவில்லை. 1996 ஜூலையில், ஜெர்மனியிலிருந்து வந்த பெரியவர் இருவரும் பிள்ளைகள் இருவரும் வாடகைக்கு எடுத்த சாதாரணக் குடும்ப வேனில் இந்தப் பூங்காவின் மலைப்பாதை ஒன்றில் இறங்கினர். அந்தப் பாதை அவ்வகை வண்டிக்கு உரியதன்று. அவர்கள் திரும்பவில்லை. அக்டோபரில், வானிலிருந்து பார்த்த அதிகாரி ஒருவரின் கண்ணில் அந்த வேன் பட்டது. டயர்கள் காற்றிழந்து, வண்டி ஆளரவமற்ற ஓடைப்பள்ளத்தில் நின்றிருந்தது. உள்ளே யாரும் இல்லை. பெரியவர்கள் இருவருடையவை என்று கருதப்படும் எலும்புகள் 2009-இல்தான் கிடைத்தன. வண்டியைக் கண்டுபிடிக்க மூன்று மாதங்கள் ஆயின. அதில் வந்தவர்களின் தடயம் கிடைக்கப் பதின்மூன்று ஆண்டுகள் ஆயின. வண்டி பழுதானால் அதை விட்டு நடக்காதீர்கள் என்று பூங்கா அதிகாரிகள் திரும்பத் திரும்பச் சொல்வதன் காரணம் இதுதான். வண்டி நிழல் தரும்; தேடுவோரின் கண்ணிலும் படும். பாலையில் நடந்து செல்லும் மனிதர் வானிலிருந்து பார்த்தால் ஒரு புள்ளிகூட அல்லர்.

அப்படியானால் ஜீப் இருந்தால் போதுமா? 2009 ஆகஸ்டு மாதம், ஒரு தாயும் ஆறு வயது மகனும் ஜீப்பில்தான் சென்றார்கள். வழிகாட்டிக் கருவியை நம்பி, பாழடைந்த பாதையில் வெகுதூரம் போன பிறகு வண்டி மணலில் புதைந்தது. ஐந்து நாள்கள் கழித்தே அதிகாரிகள் அவர்களைக் கண்டனர். தாய் பிழைத்தார், சிறுவன் பிழைக்கவில்லை. இந்தப் பகுதியில் நூறாண்டுகளுக்கு முன் சுரங்கக்காரர்கள் பயன்படுத்திக் கைவிட்ட பாதைகள் ஏராளம். கருவியின் திரையில் அவையும் நல்ல சாலைகள் போலவே தெரிகின்றன. பூங்காவின் பெரும்பகுதியில் கைப்பேசித் தொடர்பும் கிடையாது. ஆகவே, தாளில் அச்சிட்ட வரைபடத்தை வாங்கிக்கொள்ளுங்கள். அன்றைய சாலை நிலவரத்தை முந்தின நாளே பூங்காவின் தகவல் மையத்தில் கேட்டுவிடுங்கள். எப்போதோ பெய்யும் மழை, பெய்தால் சாலையையே அடித்துக்கொண்டு போய்விடும் இடம் இது. செயற்கைக்கோள் வழியாக உதவி கேட்கும் சிறு கருவியை ஜீப்போடு தரும் கடைகளும் உண்டு. அதை எப்படி அழுத்துவது என்று ஓட்டுநர் மட்டுமல்லாமல், வண்டியில் இருக்கும் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும். குடும்பத்தில் அதை விரைவாகக் கற்றுக்கொள்பவர் பெரும்பாலும் நீங்களாகத்தான் இருப்பீர்கள்.

ஹெலிகாப்டர் வந்து தூக்கிச் செல்லாதா என்று கேட்கலாம். குளிர்காலத்தில் வரக்கூடும். கோடையில் வெப்பம் 49 பாகை செல்சியஸ் அளவைத் தாண்டினால், மருத்துவ உதவி ஹெலிகாப்டர்களால் பொதுவாகப் பறக்க முடிவதில்லை. காற்று சூடேறி மெலிந்துவிடுவதால், சுழலும் இறக்கைக்குப் போதிய பிடிமானம் கிடைப்பதில்லை. 2024 ஜூலையில் வெப்பத்தால் துவண்ட மோட்டார் சைக்கிளோட்டிகளை ஏற்றிச் செல்ல ஹெலிகாப்டரால் வர முடியாமல் போனதும் இங்கேதான்.

இனித் தண்ணீர். ஒருவருக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது நான்கு லிட்டர் என்று பூங்கா கணக்குச் சொல்கிறது. நான்கு பேருக்குப் பதினாறு லிட்டர். ஓர் இரவு மாட்டிக்கொண்டால் மறுநாளுக்கும் வேண்டும் என்று எண்ணினால், முப்பத்திரண்டு லிட்டர். கிலோ கணக்கிலும் அதே எடைதான். வண்டியில் அதற்கு இடம் ஒதுக்க வேண்டும். வியர்வை விஷயத்தில் நம் அனுபவம் நம்மை ஏமாற்றிவிடும். ஈரப்பதம் நிறைந்த நம் நாட்டில் பத்து நிமிடம் நடந்தாலே சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்கிறது. வியர்ப்பது நமக்குத் தெரிகிறது. பாலையின் உலர்ந்த காற்றில் வியர்வை தோலுக்கு வந்த கணமே ஆவியாகிவிடும். சட்டை உலர்ந்தே இருக்கும். உடலிலிருந்து நீர் போய்க்கொண்டே இருக்கும். தாகம் எடுத்த பிறகு குடிக்கலாம் என்று காத்திருப்பது அங்கே சரிவராது. டிசம்பரில் குளிர்கிறதே என்று தண்ணீரைக் குறைத்துக்கொள்வதும் தவறு. தடித்த மேலாடையும் வேண்டும். ரேஸ்டிராக் கடல் மட்டத்திலிருந்து 1,100 மீட்டருக்கும் மேலே இருப்பதால், இரவில் நீர் உறையும் அளவுக்குக் குளிரும்.

பெட்ரோல் தொட்டியை நிரப்பிக்கொண்டு காலை எட்டு மணிக்குப் புறப்படுகிறீர்கள். உதிரி டயரையும் ஜாக்கியையும் கண்ணால் பார்த்த பிறகே சாவியைத் திருகுவது உங்கள் தந்தையின் பொறுப்பு. அவருக்கு வேறொரு சிக்கலும் இருக்கும். அமெரிக்காவில் சாலையின் வலப்புறம் ஓட்ட வேண்டும். ஓட்டுநர் இருக்கை இடப்புறம் இருக்கும். முதல் அரைமணி நேரம் எல்லாரும் அவருக்கு அமைதியைப் பரிசளிப்பது நல்லது.

தார் முடிந்ததும் வேகம் மணிக்கு முப்பது கிலோமீட்டருக்குக் கீழே இறங்கிவிடும். விரைந்து ஓட்டினால் குலுக்கல் குறைவதுபோல் தோன்றும். அப்போது சக்கரங்கள் மேடுகளின் உச்சியை மட்டுமே தொட்டுச் செல்வதால் வண்டி தரையைச் சரியாகப் பற்றாது, திருப்பத்தில் சறுக்கிவிடும். வழியில் ஜோஷுவா மரங்கள் கைகளை உயர்த்தியபடி நிற்கும். முப்பத்தோராவது கிலோமீட்டரில் ஒரு சந்திப்பு. அதன் பெயர்ப்பலகையில் கெண்டிகள் கொத்துக் கொத்தாகத் தொங்கும். ‘டீகெட்டில்’ என்பதே அந்த இடத்தின் பெயர். வந்து போகிறவர்கள் கெண்டியில் ஏதாவது எழுதி மாட்டிவிட்டுப் போகிறார்கள்.

பதினொன்றரை மணியளவில் ஏரிப்படுகை தெரியும். ஏறத்தாழ நாலரைக் கிலோமீட்டர் நீளம். தளம் போட்டதுபோல் சமமாக, காய்ந்த சேறு சிறு சிறு கட்டங்களாக வெடித்திருக்கும். வண்டி படுகையின் ஓரத்தோடு நின்றுவிட வேண்டும். உள்ளே ஓட்டுவது சட்டப்படி குற்றம். 2016-இல் யாரோ ஓட்டிய வண்டியின் தடங்கள் பல கிலோமீட்டருக்குப் பதிந்து படுகையைக் கெடுத்துவிட்டன. சேறு ஈரமாக இருந்தால் நடக்கவும் கூடாது. இன்று பதியும் காலடி பல ஆண்டுகளுக்கு அழியாது.

கற்களிடம் நடந்தே போகிறீர்கள். சில கைக்கு அடக்கமானவை. சில முந்நூறு கிலோ எடை வரும். ஒவ்வொன்றின் பின்னாலும் கோடு. இவற்றை யார் நகர்த்துகிறார்கள் என்ற கேள்விக்குப் பல்லாண்டுகளாக விடை தெரியவில்லை. 2011-இல் ஆய்வாளர்கள் சிலர், வெளியிலிருந்து கொண்டுவந்த கற்களில் இடங்காட்டும் கருவிகளைப் பொருத்தி இங்கே வைத்தனர். 2013 டிசம்பரில் ரிச்சர்ட் நாரிஸ், ஜேம்ஸ் நாரிஸ் ஆகிய இருவரும் கற்கள் நகர்வதை நேரிலேயே பார்த்தனர். மழைநீர் மெல்லியதாகத் தேங்குகிறது. இரவுக் குளிரில் அதன்மேல் சில மில்லிமீட்டர் தடிப்பில் பனிக்கட்டிப் படலம் உருவாகிறது. காலை வெயிலில் படலம் உடைய, இளங்காற்று அந்தத் துண்டுகளைத் தள்ள, அவை கற்களை நிமிடத்திற்குச் சில மீட்டர் வீதம் நகர்த்துகின்றன. புயலும் இல்லை, மாயமும் இல்லை. ஒரு கல்லை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டால், அதன் கோடு எங்கும் போய்ச் சேராமல் நின்றுவிடும். அப்படி நிற்கும் கோடுகளையும் அங்கே காணலாம்.

இங்கே நேரம் போவது தெரியாது. டிசம்பரில் நாலரை மணிக்கெல்லாம் கதிரவன் மலைக்குப் பின்னால் போய்விடும். திரும்பவும் மூன்றரை மணி நேரம் வேண்டும். ஆகவே, ஒரு மணிக்குப் புறப்பட்டாக வேண்டும். இன்னும் தெற்கே நல்ல தடங்கள் இருப்பதாக யாராவது சொன்னாலும் ஒரு மணி என்றால் ஒரு மணிதான். வரைபடத்தில் படுகைக்கு அப்பால் மலையின் மறுபக்கம் இறங்கும் கோடு ஒன்றும் தெரியும். தூரம் குறைவாகத் தோன்றும். ‘ஜீப்தானே’ என்று பின்னிருக்கையிலிருந்து ஒரு குரல் வரும். அந்தக் கோடு செங்குத்தான, ஆபத்தான கணவாய் வழி.

வந்த வழியே, அதே கெண்டிகளைக் கடந்து, அதே குலுக்கலோடு திரும்புகிறீர்கள். எரிமலை வாய்க்கு அருகில் சக்கரங்கள் தார்ச்சாலையைத் தொட்டதும் வண்டிக்குள் திடீரென்று அமைதி ஏற்படும். ஃபர்னஸ் கிரீக்கில் விளக்குகள் ஏற்றப்படும் நேரம் கடையின் முன் நிறுத்துகிறீர்கள். கடைக்காரர் குனிந்து நான்கு டயர்களையும் பார்ப்பார். எண்ணெய் அளவைப் பார்ப்பார். பிறகு உள்ளே போய், மேசைமேல் இருக்கும் பட்டியலில் உங்கள் பெயரைத் தேடி, அதன்மேல் ஒரு கோடு போடுவார்.