வைத்தியரும் பதிவேடும்

ஒருவரை வைத்தியரென்று நம்புதற்குச் சாட்சி யாது? பிணி நீங்கினோர் வாய்மொழியா, அரசாங்கப் பதிவேடா? காவிரி நாட்டினராகிய நமக்கு இவ்வினா புதிதன்று.

1798 முதல் 1832 வரை தஞ்சையில் அரசுரிமை பெற்றிருந்த இரண்டாம் சரபோஜி மன்னர், தன்வந்திரி மகாலில் பலதிற வைத்தியரையும் கூட்டி, அநுபவத்திற் பலித்த முறைகளைத் தொகுப்பித்தார். அங்கே சோதனைக்குள்ளானது மருந்து. பின்னர் அவ்வூரிலேயே ஆபிரகாம் பண்டிதர் (1859–1919) ஆசிரியத் தொழிலை விடுத்துச் சித்த வைத்தியத்தாற் பெரும்புகழ் எய்தினார். அப்பொருள்கொண்டே அவர் இசையாராய்ச்சியும் நடத்தினாரென்பது வேறு கதை.

1914-இல் சென்னை வைத்தியப் பதிவுச் சட்டம் பிறந்தது. இங்கிலாந்தில் 1858-இல் ஏற்பட்ட சட்டமே இதற்கு முன்மாதிரி. இச்சட்டம் நாட்டு வைத்தியரைத் தொழில் செய்யலாகாதென்று தடுக்கவில்லை. இதனைப் பலர் மறந்து பேசுகின்றனர். ஆயினும், சட்டம் வேண்டிய அத்தாட்சிச் சீட்டிற் பதிவுபெற்றோர் கையெழுத்தே அன்று செல்லுபடியாயிற்று. அரசாங்க ஆசுபத்திரி உத்தியோகங்களும் பொதுவாக அவர்க்கே உரியனவாயிருந்தன. கும்பகோணத்துக் குமாஸ்தா ஒருவர் தம் தெரு வைத்தியரிடம் சுரந் தீர்ந்தாரென்று வைத்துக்கொள்வோம். நோய் தீர்த்தவர் ஒருவர். சீட்டுக்குத் தேடவேண்டியவர் மற்றொருவர்! கௌரவமும் வருவாயும் சீட்டின் பின்னே சென்றன.

இக்குறையை ஆராய 1921-இல் முகம்மது உஸ்மான் தலைமையில் ஒரு குழு அமைந்தது. காப்டன் சீனிவாசமூர்த்தி அதன் காரியதரிசி. 1923-இல் வெளிவந்த அறிக்கையின் பயனாகச் சென்னையில் இந்திய வைத்தியப் பள்ளி தோன்றியது. மேனாட்டு வைத்தியம் பயின்றோருள்ளும் பேதமில்லாமற் போகவில்லை: 1933-ஆம் வருடத்து இந்திய மெடிக்கல் கவுன்சில் சட்டம் எல்.எம்.பி. பயின்றோரைப் புறத்தே நிறுத்திற்று.

பதிவு வேண்டாவென்று யாம் கூறோம். நள்ளிரவில் வண்டியிலேற்றி வரப்பெறும் நோயாளி, எதிர்நிற்பவரின் கல்வியைச் சோதித்தறிய வல்லனோ? போலி வைத்தியனால் முதலில் மடிபவன் ஏழையே. ஆனால், ஒரு நூன்முறையே கற்றோர் மற்றெல்லா முறைக்கும் நீதிபதிகளாயிருந்தது பிழை. 1970-ஆம் வருடத்துச் சட்டம் இந்திய வைத்திய முறைகளுக்குத் தனிக் கவுன்சிலும் பதிவேடும் வகுத்து அப்பிழையைப் பெரிதும் திருத்தியது. திருத்தியபோதே, கல்லூரி புகாது தந்தையிடம் பயின்ற பரம்பரை வைத்தியர்க்கு வாயில் குறுகியது. உரிய தகுதியும் பதிவும் இல்லாதார் வைத்தியஞ் செய்தலாகாதென்று 2018-இல் உச்ச நீதிமன்றம் கேரளத்துப் பரம்பரை வைத்தியர் வழக்கிற் தீர்ப்பளித்தது. சரபோஜி தொகுப்பித்த முறைகளோ சரசுவதி மகால் வெளியீடாக அச்சேறி, எவரும் வாங்கிப் படிக்கும் நூல்களாயிருக்கின்றன.