சுவிட்ச் ஃபேஸில் இருக்கட்டும்

வயரிங் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி, தங்கைகளுக்கு:

1. சுவிட்சில் எத்தனை வகை இருந்தாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: அது ஃபேஸில் இருக்கிறதா? நியூட்ரலில் மாட்டினாலும் விளக்கு எரியும், அணையும். வீட்டுக்காரருக்கு வித்தியாசமே தெரியாது. ஆனால் ஆஃப் செய்த பிறகும் ஹோல்டரில் 230 வோல்ட் இருந்துகொண்டே இருக்கும். ஸ்டூலில் ஏறி பல்பு மாற்றுகிறவர் சுவிட்சை நம்பித்தான் கை வைக்கிறார்.

2. சுவிட்சைத் திருப்பிப் பின்பக்கம் பார். இரண்டு டெர்மினல் என்றால் ஒன்-வே. மூன்று என்றால் டூ-வே. காமன் பெரும்பாலும் நடுவில் இருக்கும், மல்டிமீட்டர் வைத்து உறுதி செய்துகொள். நான்கு என்றால் அவசரப்படாதே. டிபி சுவிட்சுக்கும் நான்கு, இன்டர்மீடியட்டுக்கும் நான்கு. அச்சிட்டிருப்பதைப் படி.

3. மாடிப்படி விளக்கில்தான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள். கீழ் சுவிட்சின் காமனுக்கு ஃபேஸ் கொடு. மேல் சுவிட்சின் காமனிலிருந்து விளக்குக்கு எடு. மீதி முனைகளை இரண்டு வயரால் இணை. நியூட்ரல் நேராக விளக்குக்குப் போகட்டும். மூன்றாவது இடத்திலும் சுவிட்ச் வேண்டுமென்றால் அந்த இரண்டு வயருக்கு நடுவே இன்டர்மீடியட் வரும்.

வயர் மிச்சமாகும் என்று சிலர் இரண்டு சுவிட்சிலும் ஒரு முனைக்கு ஃபேஸ், மறு முனைக்கு நியூட்ரல் கொடுத்து, இரண்டு காமனுக்கும் நடுவே விளக்கை மாட்டிவிடுவார்கள். விளக்கு எரியத்தான் செய்யும். ஆனால் இரண்டு சுவிட்சும் ஃபேஸ் பக்கம் நிற்கும்போது விளக்கு அணைந்திருக்கும். ஹோல்டரின் இரண்டு முனையிலும் கரன்ட் இருக்கும். த்ரீ-ஃபேஸ் வீட்டில் கீழே ஒரு ஃபேஸ், மாடியில் வேறு ஃபேஸ் என்றால் அந்த விளக்குக்கு ஏறக்குறைய 400 வோல்ட் போகும். யார் கேட்டாலும் இப்படிச் செய்து கொடுக்காதே.

4. லைட், ஃபேன், டிவிக்கு 6 ஆம்பியர் போதும். கடையில் பழைய பழக்கத்தில் 5 ஆம்ப்ஸ், 15 ஆம்ப்ஸ் என்பார்கள். இப்போது வருவது 6, 16. 2000 வாட் கீசரை 230-ஆல் வகுத்துப் பார், 8.7 ஆம்பியர் வரும். அதை 6 ஆம்பியர் சுவிட்சில் மாட்டினால் உள்ளே காண்டாக்ட் கருகிவிடும்.

5. கீசருக்கும் ஏசிக்கும் டிபி சுவிட்ச் போடு. ஃபேஸும் நியூட்ரலும் சேர்ந்தே துண்டாகும்.

6. காலிங் பெல்லுக்கு பெல் புஷ். கையை எடுத்ததும் தானே திரும்பிவிடும்.

7. வயர் நுனியை முறுக்கி, மடக்கிச் செருகி, திருகை இறுக்கிய பிறகு பிடித்து இழுத்துப் பார். லூஸான டெர்மினல் சூடாகும். சுவிட்ச் போடும்போது சரசரவென்று சத்தம் வரும், ஓரம் பழுப்பேறும். அப்படி ஒரு போர்டைப் பார்த்தால், டெஸ்டரை முதலில் கரன்ட் உள்ள பாயின்டில் வைத்து அது வேலை செய்கிறதா என்று பார். பிறகு மெயினை அணை. முகப்பைக் கழற்றி ஒவ்வொரு டெர்மினலிலும் வைத்துப் பார். எதிலும் எரியவில்லை என்றால்தான் கை வைக்க வேண்டும்.