பின்வளவில் கோழி வளர்த்தல்: மொன்றியல் குடியிருப்பாளர்களுக்கான வழிகாட்டல்

யாழ்ப்பாணத்திலோ வன்னியிலோ வீட்டு வளவில் நான்கைந்து கோழிகள் திரிவதற்கு எவரும் அனுமதி கேட்பதில்லை. பகலில் அவை தாமே மேய்ந்து, பொழுதுபட்டதும் தாமே கூடு திரும்பும். மொன்றியலில் கோழி வாங்குவதற்கு முன்னரே நகர விதிகளையும் குளிர்காலத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டியுள்ளது. அவ்விரண்டையும் கருதாது தொடங்குவோர் பெரும்பாலும் முதலாவது பனிக்காலத்திலேயே இடர்ப்படுவர்.

1. அனுமதி

கோழி வளர்ப்புக்கான விதிகள் நகரப் பிரிவுக்குப் பிரிவு வேறுபடும். ரோஸ்மோன்–லா பெத்தீத்-பத்ரி போன்ற சில பிரிவுகள் நிபந்தனைகளுடன் அனுமதிக்கின்றன. எல்லாப் பிரிவுகளும் அவ்வாறு அனுமதிப்பதில்லை. ஆகவே உறவினர் ஒருவர் வேறு பிரிவில் கோழி வளர்ப்பது, தமக்கும் அந்த உரிமை உண்டு என்பதற்குச் சான்றாகாது. 3-1-1 என்ற இலக்கத்தை அழைத்துத் தம் பிரிவின் விதியை முதலில் கேட்டறிதல் வேண்டும்.

அனுமதிக்கும் இடங்களில் பொதுவாக விதிக்கப்படும் நிபந்தனைகள் பின்வருமாறு:

- ஆண்டுதோறும் அல்லது ஒரு முறை அனுமதிப்பத்திரம் பெறுதல்;
- பேடுகளின் எண்ணிக்கையை வரம்புக்குள், பெரும்பாலும் ஐந்துக்கு மேற்படாமல், வைத்திருத்தல்;
- சேவல் வளர்க்காதிருத்தல்;
- முட்டை, இறைச்சி, எரு ஆகியவற்றை விற்காதிருத்தல்;
- வீட்டில் கோழி அறுக்காதிருத்தல்.

வாடகைக்குக் குடியிருப்போர் வீட்டு உரிமையாளரின் சம்மதத்தை எழுத்தில் பெறுவது நன்று. ஜூலை 1 அன்று வீடு மாறும் குடும்பங்கள், புதிய முகவரியில் கோழி வளர்க்க முடியுமா என்பதை ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதற்கு முன்னரே உறுதிசெய்தல் வேண்டும்.

2. சட்டப் பொறுப்பு

2015ஆம் ஆண்டு முதல் கியூபெக் குடியியல் சட்டக்கோவை விலங்குகளைப் பொருட்களாகக் கொள்வதில்லை. உணர்வுள்ள உயிர்களாக ஏற்கிறது. போதிய நீர், தீன், தகுந்த இருப்பிடம், கடுங்குளிரிலிருந்தும் கடும்வெப்பத்திலிருந்தும் பாதுகாப்பு, நோயுற்றால் சிகிச்சை ஆகியவற்றை வழங்குவது வளர்ப்பவரின் கடமையாகும்.

அதே சட்டக்கோவையின் 976ஆம் பிரிவின்படி, அயலவர்கள் ஒருவருக்கொருவர் இயல்பான அளவிலான தொல்லைகளைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். நாற்றமும் எலியும் பெருகினால் அந்த அளவு கடந்துவிட்டதாகக் கருதப்படலாம். கூடு அமைக்கும் முன்னர் இருபுறத்து அயலவர்களிடமும் பேசிவிடுவது பல பிணக்குகளைத் தவிர்க்கும்.

3. இனம்

இந்நாட்டின் குளிருக்கென்றே உருவாக்கப்பட்ட இனம் ஷான்டெக்ளேர் ஆகும். மொன்றியலுக்கு அருகிலுள்ள ஓக்கா மடத்தைச் சேர்ந்த துறவியான சகோதரர் வில்பிரிட் ஷாத்லான், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல இனங்களைக் கலந்து இதனை உருவாக்கினார். இதன் கொண்டையும் தாடியும் மிகச் சிறியவை. ஆதலால் அவை குளிரில் உறைந்து கருகுவது குறைவு. 1999இல் கியூபெக் இதனைத் தன் பாரம்பரிய இனங்களுள் ஒன்றாகச் சட்டத்தால் ஏற்றது.

4. கூடும் குளிர்காலமும்

கியூபெக்கின் நகர விதிகள் பலவற்றில் ஒரு கோழிக்குக் கூட்டினுள் 0.37 சதுர மீற்றரும், வெளி அடைப்பில் 0.92 சதுர மீற்றரும் குறைந்தபட்ச இடமாகக் கூறப்படுகின்றன. றக்கூன், கீரிநாற்றமுடைய ஸ்கங்க், நரி, எலி ஆகியவை இந்நகரில் மிகுதி. மெல்லிய கோழிவலையை றக்கூன் கிழித்துவிடும். அரை அங்குலக் கண்ணுடைய உறுதியான கம்பிவலையே ஏற்றது.

நன்கு வளர்ந்த கோழி உலர்ந்த குளிரைத் தாங்கும். ஈரத்துடன் கூடிய குளிரைத் தாங்காது. மூச்சாலும் எச்சத்தாலும் எழும் ஈரம் வெளியேறாவிட்டால் கொண்டை உறைந்து கருகும். எனவே கூட்டின் மேற்பகுதியில் காற்றுத் துளைகள் குளிர்காலத்திலும் திறந்திருக்க வேண்டும். கோழிகள் உறங்கும் உயரத்தில் காற்று வீசலாகாது. வெப்ப விளக்குகள் மரத்தூளில் தீப்பற்றக் காரணமாகும். அவற்றைத் தவிர்த்து, நீர் உறையாதபடி சூடாக்கும் தட்டைப் பயன்படுத்தலாம்.

டிசம்பரில் மொன்றியலின் பகல் ஒன்பது மணி நேரத்துக்கும் குறைவு. முட்டையிடுவதற்குப் பதினான்கு மணி நேர வெளிச்சமேனும் தேவைப்படுவதால், குளிர்காலத்தில் முட்டை குறைவது நோயன்று.

5. தீன்

ஒரு பேடு நாளொன்றுக்கு ஏறத்தாழ 115 கிராம் தீன் உண்ணும். ஐந்து பேடுகளுக்கு 25 கிலோ மூட்டை ஆறு வாரங்களுக்குப் போதும். முட்டைக் கோழிக்குரிய தீனுடன், ஓட்டின் உறுதிக்காகச் சிப்பித்தூளைத் தனிக் கிண்ணத்தில் வைத்தல் வேண்டும். உப்பும் உறைப்பும் மிகுந்த கறிமீதி, பூஞ்சணம் பிடித்த சோறு, வேகாத பயறு, அவகாடோ ஆகியவற்றைக் கொடுத்தலாகாது.

6. நோய்த் தடுப்பு

2022ஆம் ஆண்டு முதல் பறவைக் காய்ச்சல் கியூபெக்கின் பண்ணைகளையும் தாக்கியுள்ளது. செயின்ட் லோரன்ஸ் ஆற்றை ஒட்டி வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் செல்லும் காட்டு வாத்துகளாலும் பனி வாத்துகளாலும் இந்நோய் பரவக்கூடும். தீனையும் நீரையும் கூரையின் கீழ் வைத்துக் காட்டுப் பறவைகள் அணுகாதவாறு காக்க வேண்டும். கோழிகள் திடீரென இறந்தாலோ, தலை வீங்கினாலோ, முட்டை சட்டென நின்றாலோ, விலங்கு மருத்துவருக்கோ கனடிய உணவு ஆய்வு முகமைக்கோ உடனே அறிவித்தல் வேண்டும். இறந்த கோழியை வெறுங்கையால் தொடுதல் கூடாது.

நலமாகத் தோன்றும் கோழியும் சால்மொனெல்லாக் கிருமியைக் கொண்டிருக்கலாம். கோழியையோ முட்டையையோ தொட்டபின் சவர்க்காரமிட்டுக் கைகழுவுதல் அவசியம். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் கோழியை முத்தமிடவோ முகத்தருகே அணைக்கவோ விடலாகாது.

7. முட்டை நின்ற பின்

இரண்டு மூன்று ஆண்டுகளின் பின் முட்டை குறையும். கோழியோ ஆறு முதல் எட்டு ஆண்டுகள் வரை வாழக்கூடும். வீட்டில் அறுக்க இயலாது. பூங்காவில் விட்டுவிடுதல், அதைக் குளிருக்கும் நரிக்கும் இரையாக்குவதாகும், சட்டத்துக்கும் முரணானது. இறுதிவரை வளர்த்தல், ஏற்க முன்வரும் பண்ணையிடம் ஒப்படைத்தல், அங்கீகரிக்கப்பட்ட அறுப்பகத்துக்கோ விலங்கு மருத்துவரிடமோ கொண்டுசெல்லுதல் ஆகியவையே உள்ள வழிகள். இவற்றுள் எதைத் தேர்வது, அதற்கான செலவு எவ்வளவு என்பவற்றைக் குடும்பத்தார் கோழி வாங்கும் முன்னரே பேசித் தீர்மானித்தல் வேண்டும். முடிவெடுக்க இயலாதோர், கோடைகாலத்துக்கு மட்டும் கோழிகளை வாடகைக்குப் பெற்று இலையுதிர் காலத்தில் திருப்பிக் கொடுக்கும் சேவைகளை நாடலாம். அதற்கும் தம் பிரிவின் அனுமதி தேவையா என்பதைக் கேட்டறிந்த பின்னரே கூடு அமைத்தல் நன்று.