நிலம் அறிந்து கட்டிய மனை

இலக்கணப் போலியைக் கற்பிக்குங்கால், ‘இல்முன்’ என்பது ‘முன்றில்’ என மாறி வழங்குதலை எடுத்துக்காட்டுதல் தமிழாசிரியர் வழக்கம். அண்மையில் ஒரு நாள் நாம் அவ்வாறு எடுத்துக்காட்டியபோது, மாணவன் ஒருவன் எழுந்து, “ஐயா, முன்றில் என்பது என்ன?” என வினவினான். “வீட்டு முற்றம்” என்றோம். அவனுக்கு அதுவும் தெளிவாகவில்லை. அவன் வாழும் புதுவீட்டில் வாயிற்படி முதல் மதில் வரையும் சீமெந்து இடப்பட்டுள்ளது. முற்றம் எனச் சுட்டுதற்கு அங்கே இடமில்லை. தாழ்வாரம், திண்ணை, தலைவாசல், சங்கடப்படலை என்னுஞ் சொற்களும் அவனுக்கும் அவன் தோழர் பலருக்கும் அகராதிச் சொற்களாகவே இருந்தன. பொருள் மறைந்தபின் சொல் நெடுநாள் வாழ்வதில்லை.

இந்நிகழ்ச்சி எம்மைச் சிந்திக்கத் தூண்டியது. புதுக்காலத்திற்கேற்ப வீடு கட்டுவோர் பழைய கட்டட மரபை முற்றாகக் கைவிடுதல் வேண்டுமோ? அன்றி, மரபைப் போற்றுவோர் புதுமையை விலக்குதல் வேண்டுமோ? இவ்விரண்டும் வேண்டா என்பதை நம் நாட்டுக் கட்டடக் கலைஞர் இருவர் சொல்லாலன்றிக் கல்லாலும் ஓட்டாலும் நிறுவிக் காட்டியுள்ளனர். அவர் செய்கையை ஆராயுமுன் நம் ஊர் மனையை நாம் சிறிது நோக்குதல் தகும்.

நாற்சார் வீடு கூறும் பாடம்

அம்மாணவரை அழைத்துக்கொண்டு, கல்லூரிக்கு அணித்தாயுள்ள பழைய நாற்சார் வீடொன்றுக்குச் சென்றோம். நடுவே வானந் திறந்த முற்றம். அதனைச் சூழ நான்கு புறமும் தாழ்வாரம். தாழ்வாரத்தை ஒட்டி அறைகள். வெளியே நண்பகல் வெயில் எரித்துக்கொண்டிருக்க, உள்ளே மாணவர் மின்விசிறியை நாடாது அமர்ந்திருந்தனர். காரணத்தை ஆராயுமாறு கூறினோம். தாழ இறங்கிய கூரை சுவரில் வெயில் படாது காக்கின்றது. உள்ளே சூடேறிய காற்று முற்றத்தின் வழியே மேலெழ, வாயில்களூடாகப் புறக்காற்று உட்புகுகின்றது. தடித்த சுண்ணாம்புக் கற்சுவர் பகல் வெப்பத்தை விரைவில் உள்ளே விடுவதில்லை. கல் இந்நிலத்திலே அகழ்ந்தது. அதனைப் பிணித்த சுண்ணாம்பும் இந்நிலத்தது. கூரையைத் தாங்குஞ் சலாகைகள் இவ்வூர்ப் பனை தந்தவை.

அவ்வீட்டைக் காத்திருக்கும் முதியவராகிய ஆச்சி, கூரைநீர் பீலிவழியே இறங்கித் தென்னையடிக்குச் செல்லும் வழியைக் காட்டினார். இஃது அற்பச் செய்தியன்று. யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. ஐப்பசி முதல் மார்கழி வரை வாடைக்காற்றோடு வரும் மழையே நிலத்தடிச் சுண்ணாம்புப் பாறையிற் புகுந்து நம் கிணறுகளை நிரப்புகின்றது. மண்ணாய்க் கிடந்த முற்றமும் வளவும் மழையை உண்டு கிணற்றுக்கு அளித்தன. அவற்றைச் சீமெந்தால் மூடிவிட்டு, கிணறு வற்றியது, உவர்த்தது என வருந்துதல் நாமே தேடிக்கொண்ட துன்பமன்றோ?

அவ்வீட்டின் ஒருபுறக் கூரை போர்க்காலத்தில் வீழ்ந்தது. உரியவர்கள் கடல் கடந்து வாழ்கின்றனர். அதனை இடித்து மாடிவீடு எழுப்பும் எண்ணம் உண்டென ஆச்சி கூறினார். அவர்களை நாம் குறை கூறுகின்றோமல்லோம். ஓடு மாற்றுதற்கும் பனஞ்சலாகை அரிதற்கும் கைதேர்ந்தோர் அருகிவிட்டனர். பராமரிப்புச் செலவோ பெரிது. ஆயின், இடிக்குமுன் அவ்வீடு ஏன் அவ்வாறு கட்டப்பட்டது என அறிந்துகொள்ளுதல் வேண்டும். அவ்வறிவே புதுவீட்டிற்கும் அடித்தளமாகும்.

மலைச்சரிவில் ஒரு தொடக்கம்

இவ்வறிவைப் புதுக் கட்டடத்தில் முதன்முதற் புகுத்தியோருள் மினெற் டி சில்வா (1918–1998) குறிப்பிடத்தக்கவர். கண்டியிற் பிறந்த இவ்வம்மையார், 1948 இல் பிரித்தானிய அரச கட்டடக் கலைஞர் நிறுவனத்தின் உறுப்பினராகிய முதல் ஆசியப் பெண்மணியாவார். நாடு திரும்பியபின் கண்டியில் ஒரு மலைச்சரிவில் அவர் அமைத்த கருணாரத்ன இல்லம் 1951 இல் நிறைவுற்றது. சரிவை வெட்டிச் சமனாக்காது, அதன் ஏற்ற இறக்கத்திற்கு இயைய வீட்டையே பல தட்டுக்களாக அமைத்தார். கொங்கிறீற்றையும் கண்ணாடியையும் அவர் வெறுத்திலர். அவற்றோடு தும்பறைப் பாய் நெசவையும் உள்ளூர்க் கைவினைஞரின் சுடுமண் வேலையையும் இணைத்தார்.

பின்னர், வட்டப்புளுவையில் அரசாங்க ஊழியருக்கான வீடமைப்புத் திட்டத்தை 1958 அளவில் நிறைவேற்றியபோது, அங்கே குடியேறவிருந்தோரிடம் வினாக்கொத்து அளித்து அவரவர் தேவையை அறிந்தே வீடுகளை வரைந்தார். நிலத்தைக் கேட்டல் போன்றே, வாழ்வோரைக் கேட்டலும் மரபின் ஒரு பகுதி என்பதை இதனால் உணர்கின்றோம்.

பாவா காட்டிய வழி

ஜெப்ரி பாவா (1919–2003) முதலிற் சட்டம் பயின்று கொழும்பில் வழக்கறிஞராயிருந்தவர். 1948 இல் பெந்தோட்டைக்கு அணித்தாகக் கைவிடப்பட்ட றப்பர்த் தோட்டமொன்றை வாங்கினார். உப்பாறு எனப் பொருள்படும் லுணுகங்கை என்பது அதன் பெயர். அதனைச் சோலையாக்கும் முயற்சியிலே தம் கல்விக் குறையை உணர்ந்து, இலண்டன் சென்று மீண்டும் மாணவராகி, 1957 இல் தம் முப்பத்தெட்டாம் வயதிற் கட்டடக் கலைஞராகத் தகுதிபெற்றார். காலங்கடந்துவிட்டது எனச் சோர்வடையும் மாணவர் இதனை நினைவிற் கொள்க.

கொழும்பில் ஈனா டி சில்வா என்னும் பத்திக் கலைஞருக்காக 1960 முதல் 1962 வரை அவர் கட்டிய வீடு நம் கருத்துக்குத் தக்க சான்றாகும். இடமோ நகர்நடுவிலுள்ள சிறு துண்டு நிலம். பாவா வீதிப்புறத்தை மதிலால் அடைத்து, நடுவே மரநிழலோடு கூடிய முற்றத்தை அமைத்து, அதனைச் சூழ ஓட்டுக்கூரைத் தாழ்வாரங்களை எழுப்பினார். நாற்சார் வீட்டின் கருத்து அங்கே நகரத்திற்கேற்ற புது உருப்பெற்றது. பிற்காலத்தில் அந்நிலம் கைமாறியபோது, அவ்வீடு பகுதி பகுதியாகக் கழற்றப்பட்டு லுணுகங்கையில் மீண்டும் பொருத்தப்பட்டது.

ஓட்டுக்கூரை ஒழுகும் என்பது பலருடைய முறைப்பாடு. பாவாவும் அவர் தோழரும் நெளிவுடைய அஸ்பெஸ்ரஸ் சீமெந்துத் தகட்டைக் கீழே பரப்பி, அந்நெளிவுகளின்மேல் அரைவட்ட ஓடுகளை அடுக்கினர். தகடு மழையைத் தடுத்தது; ஓடு வெயிலைத் தாங்கியது. அஸ்பெஸ்ரஸ் தூசு நுரையீரலுக்குக் கேடு செய்வதென்பது இன்று தெளிவாதலின், அத்தகடு நமக்கு ஏற்றதன்று. நாம் ஏற்கத்தக்கது, பழையதன் பயனைக் காத்துக் குறையை நீக்கிய அச்சிந்தனை முறையே.

1979 இல் தொடங்கி 1982 இல் திறக்கப்பட்ட கோட்டைப் பாராளுமன்றத்தில், சதுப்பு நிலத்தை அகழ்ந்து நீர்நிலையாக்கி, அதன் நடுவே தீவிற் கட்டடத்தை நிறுவினார். கூரை செம்பாலாயினும், அதன் சரிவும் அகன்ற இறவாரமும் இந்நாட்டுப் பழைய மண்டபங்களை நினைவூட்டுவன. இப்பெருங் கட்டடங்களை நிலைபெறச் செய்ததில், ஏறக்குறைய இருபதாண்டு பாவாவின் பங்காளராயிருந்த பொறியியலாளர் பூலோகசுந்தரத்தின் கணக்கறிவுக்கும் பெரும் பங்குண்டு.

தம்புள்ளைக்கு அணித்தாயுள்ள கண்டலம விடுதி 1994 இல் முடிவுற்றது. சிகிரியாக் குன்றின் அருகே கட்டுமாறு வேண்டியபோது பாவா மறுத்து, குளத்திற்கு அப்பால், சிகிரியாவைத் தொலைவிற் காணக்கூடிய பாறைச்சரிவைத் தெரிந்தெடுத்தார். மழைநீர் தடையின்றிக் கீழே ஓடுமாறு கட்டடத்தைத் தூண்களின்மேல் உயர்த்தினார். தட்டைக் கூரையிற் செடிகளை வளர்த்தார். இன்று கொடிகள் படர்ந்த அக்கட்டடத்தைக் காட்டிலிருந்து பிரித்தறிதல் எளிதன்று. எனினும், குளநீர் மாசுறும் என அஞ்சி அக்காலத்தில் எதிர்த்தோர் பலர். அவ்வெதிர்ப்பும் கற்கத்தக்கதே. நிலத்திற்கு இயைந்த கட்டடமாயினும் அது நிலத்திற்கு ஒரு சுமையே என்பதைக் கட்டுவோர் மறத்தலாகாது.

நம் கடமை

பெந்தோட்டையின் ஈரநிலத்திற்கு இயைந்த கூரையை நம் வறண்ட குடாநாட்டில் அப்படியே நகல் செய்தல், பாவாவைக் கற்றதாகாது. வீட்டின் முகப்பிலே பழைய தூண் இரண்டை நாட்டிவிட்டுப் பின்னே காற்றுப் புகாத அறைகளை அடுக்குதலும் மரபாகாது. வெயில் எப்பக்கம் வருகின்றது? காற்று எவ்வழி புகும்? மழைநீர் எங்கே செல்லும்? அருகே கிடைக்கும் பொருள் யாது? அதனைக் கையாளத் தெரிந்தவர் யார்? இவ்வினாக்களுக்கு விடை தேடுதலே மரபு. விடை கொங்கிறீற்றாயினும் இழுக்கில்லை.

2009 இற் போர் ஓய்ந்தபின் நம் ஊர்களில் மனைகள் மீண்டும் எழுகின்றன. அவற்றுட் பல, நம் பழைய மாணவர் பிறநாடுகளில் உழைத்து அனுப்பிய பொருளால் எழுவன. பனிநாட்டில் வெப்பத்தை உள்ளே அடைத்துவைத்தற்குக் கட்டிய வீட்டின் படத்தை இங்கே அனுப்பாது, தாம் பிறந்த வீட்டின் தாழ்வாரத்தை அவர்கள் ஒரு முறை நினைப்பாராக. ஒரு சிறு முற்றத்தையேனும் மண்ணாக விடுவாராக. நிற்கும் மரத்தைச் சுற்றி வீட்டை வரைவாராக.

மாணவர்க்குக் கூறுவது ஒன்று. உங்கள் ஊரில் எஞ்சியுள்ள பழைய வீடுகளை அளந்து படம் வரையுங்கள். மேசன்மாரிடமும் தச்சரிடமும் வீட்டு உறுப்புக்களின் பெயர்களைக் கேட்டுக் குறித்துவையுங்கள். அன்று எம்மை வினவிய மாணவன் அந்நாற்சார் வீட்டின் முற்றத்தை அளந்து வரைந்த படத்தில் ‘முன்றில்’ என்றே பெயரெழுதியிருந்தான். அவ்வீடு நாளை நில்லாதொழியினும் அப்படம் எம் வகுப்பறையில் இருக்கும். அவன் ஒரு நாள் தன் வீட்டைக் கட்டும்போது அச்சொல்லுக்கு அங்கே ஓர் இடம் உண்டாவதாக.