எண்ணுக்குப் பொறுப்பேற்பவள்

அன்புள்ள தமிழினிக்கு,

மாமா எழுதுவது. உன் கடிதம் கிடைத்தது. எம்.டெக். முடிந்துவிட்டது, பெங்களூரில் கிராஷ் அனலிசிஸ் வேலை ஒன்றும் கையில் இருக்கிறது, ஆனாலும் மனசு கம்ப்யூடேஷனல் சாலிட் மெக்கானிக்ஸில் பிஎச்.டி. செய்யத்தான் இழுக்கிறது, என்ன செய்யட்டும் என்று கேட்டிருக்கிறாய். "ஐந்து வருஷம் போனபிறகு மிச்சம் என்ன இருக்கும்?" என்று உன் அப்பா கேட்டதையும் எழுதியிருக்கிறாய். கேட்க வேண்டிய கேள்விதான். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சேர். ஆனால் எதற்காகச் சேர்கிறாய் என்பது தெரிந்து சேர்.

நம் துறையில் கடைசியில் கையில் வருவது ஓர் எண்; கூடவே சிவப்பும் நீலமுமாக ஒரு படம். ஒரு பாகம் தாங்குமா, உடையுமா என்பதை அந்த எண்ணை நம்பித்தான் முடிவு செய்கிறார்கள். "இது சரி என்று எப்படித் தெரியும்?" என்று கேட்டால், சாஃப்ட்வேர் சொன்னது என்பதற்குமேல் பதில் சொல்லத் தெரிந்தவர்கள் குறைவு. அந்தப் பதிலைச் சொல்லக் கற்றுக்கொள்வதற்குத்தான் அந்த ஐந்து வருஷம்.

ஸ்லைப்னர் ஏ பற்றி வகுப்பில் ஒரு வரி கேட்டிருப்பாய். நார்வேயில், ஸ்டாவாங்கர் பக்கத்துக் கடற்கழியில், 1991 ஆகஸ்ட் 23 அன்று மூழ்கிய எரிவாயு மேடையின் கான்கிரீட் அடித்தளம். 24 அறைகள் கொண்டது. மூன்று அறைகள் சேரும் இடத்தில் முக்கோணமாக ஓர் இடுக்கு வரும். அதற்குள் கடல்நீர் நிற்கும். அடித்தளத்தைத் தண்ணீருக்குள் இறக்க இறக்க, அந்த நீர் சுவரை உள்ளறைப் பக்கம் தள்ளும். 65 மீட்டர் ஆழத்தில் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 65 டன். சுவர் அங்கேதான் விட்டது. ஃபைனைட் எலிமென்ட் கணக்கில் அந்த மூலையின் மெஷ் போதவில்லை, எலிமென்ட்டுகள் கோணலாக இருந்தன. வெட்டுத்தகைவு 47 சதவீதம் குறைவாக வந்தது. கம்பிக்கும் அந்த இடத்தில் போதிய நீளம் இல்லை. நஷ்டம் சுமார் 70 கோடி டாலர். விபத்துக்குப் பிறகு கவனமாகப் போட்ட கணக்கு, 62 மீட்டரில் உடையும் என்றது. உடைந்தது 65 மீட்டரில்.

இதைத்தான் நீ மனசில் வாங்க வேண்டும். முறை பொய் சொல்லவில்லை. கவனமாகக் கேட்டபோது மூன்று மீட்டர் வித்தியாசத்தில் உண்மையைச் சொல்லிவிட்டது. பெரிய கணக்கைச் சரிபார்க்க ஒரு கைக்கணக்கும் உண்டு: அந்தச் சுவரை இரு முனையும் தாங்கிய உத்தரமாக எண்ணி, நீரழுத்தத்தை முனைக்குப் பாதியாகப் பிரித்துப் போட்டால் வெட்டுவிசையின் அளவு ஒரு தாளில் கிடைத்துவிடும். எவ்வளவு பெரிய கணக்கை ஓட்டினாலும் அந்த ஒரு தாளை முதலில் எழுதி வைத்துக்கொள்.

அடுத்தது, கணினி நிரலை நீயே எழுது. கம்பெனி சாஃப்ட்வேரை விட்டுவிடச் சொல்லவில்லை, அதுவும் வேண்டும். ஆனால் ஒரு பிளாஸ்டிசிட்டி மாடலையாவது முதலிலிருந்து கடைசிவரை உன் கையால் எழுதியிருக்க வேண்டும். ஏன் என்று சொல்கிறேன். நியூட்டன் முறையில் சமநிலையைத் தேடும்போது, ஒவ்வொரு சுற்றிலும் மிச்சப் பிழை எவ்வளவு என்று திரையில் ஓடும். டேன்ஜென்ட் மேட்ரிக்ஸ் சரியாக இருந்தால், தீர்வை நெருங்கியதும் அது பத்தில் ஒன்று, நூறில் ஒன்று, பத்தாயிரத்தில் ஒன்று, பத்துக் கோடியில் ஒன்று என்று பாய்ந்து இறங்கும். பாடப்புத்தகத்துச் சமன்பாட்டிலிருந்து நேரே எடுத்த டேன்ஜென்ட்டைப் போட்டால், படி பெரிதாக இருக்கும்போது அப்படி இறங்காது, தவழும். பெர்க்லியில் ஹுவான் சிமோவும் ராபர்ட் டெய்லரும் 1985இல் அதற்குக் காரணம் காட்டினார்கள்: கணினி ஒவ்வொரு படியிலும் தகைவை எந்த வழியில் கணக்கிடுகிறதோ, அந்த வழியைத்தான் வகையீடு செய்ய வேண்டும். கேட்டால் சின்ன விஷயம் போலிருக்கும். இன்றைக்கும் நியூட்டன் முறையில் பிளாஸ்டிசிட்டி கணக்குப் போடுகிறவர்கள் அதைத் தொடாமல் இருக்க முடியாது. சிமோ 1994இல் 42 வயதிலேயே போய்விட்டார். அவரும் தாமஸ் ஹியூஸும் சேர்ந்து எழுதிய புத்தகம் 1998இல்தான் வெளிவந்தது. அதை வாங்கு. ஒவ்வொரு வரியையும் தாளில் போட்டுப் பார்.

இந்தியாவில் உட்கார்ந்து அப்படியெல்லாம் செய்ய முடியுமா என்று நீ தயங்குவது தெரிகிறது. பெங்களூர் தேசிய வானூர்தி ஆய்வகத்தில் கங்கன் பிரதாப் செய்ததைப் படி. மெல்லிய உத்தரத்துக்கு எளிய எலிமென்ட்டைப் போட்டால், வளைய வேண்டியது விறைத்துக்கொண்டு நிற்கும், லாக்கிங் என்போம். இன்டெக்ரேஷன் புள்ளியைக் குறைத்தால் சரியாகிவிடும் என்பது முன்பே தெரிந்திருந்தது. சரியாகிறதே, போதும் என்று பலர் நகர்ந்துவிட்டார்கள். ஏன் சரியாகிறது என்று அவர் நின்று கேட்டார். வெட்டுத் திரிபைக் குறிக்கும் பலபடியில் ஒன்றுக்கொன்று ஒத்துவராத உறுப்புகள் இருக்கின்றன, அவைதான் இல்லாத கட்டுப்பாட்டைச் சுமத்துகின்றன என்று காட்டினார். 1980களில் செய்த வேலை அது. தேவைப்பட்டது கேள்வியை விடாத பிடிவாதம்தான். எனக்கு இதைவிடப் பெரிய தைரியம் தந்த எடுத்துக்காட்டு வேறில்லை.

சோதனைக்கூடத்துக்கும் போ. ஓர் எஃகுத் துண்டு இழுபட்டுக் கழுத்து மெலிந்து அறுவதைக் கண்ணால் பார்க்காமல் முறிவைப் பற்றிக் கட்டுரை எழுதாதே. அமெரிக்காவில் சாண்டியா ஆய்வகம் 2012இல் ஒரு சவால் வைத்தது: துளைகள் போட்ட ஓர் உலோகத் துண்டின் வடிவத்தையும் பொருளின் தரவையும் கொடுத்து, விரிசல் எந்த வழியாகப் போகும் என்று சோதனை முடிவைக் காட்டாமல் முன்கூட்டியே கேட்டார்கள். பத்துக்கும் மேற்பட்ட குழுக்கள்; விடைகள் ஒத்துப்போகவில்லை. அதைவிட முக்கியம், துளை இருக்க வேண்டிய இடத்திலிருந்து மயிரிழை விலகினாலே விரிசலின் பாதை மாறக்கூடும் என்பது அதில் தெரியவந்தது. மெஷ்ஷில் எல்லாத் துளையும் துல்லியமாகத்தான் இருக்கும்.

மெஷின் லேர்னிங் பற்றிக் கேட்டிருந்தாய். கற்றுக்கொள், தேவைப்படும். ஆனால் அதற்குத் தீனியாகப் போகும் தரவின் பெரும்பகுதி நம்மைப் போன்றவர்கள் ஓட்டிய கணக்குகள்தான். அவற்றைச் சோதிக்கத் தெரியாதவளுக்கு அதில் நிலைத்த இடம் கிடைக்காது.

வேலை விஷயம். ஹியூஸ் முதலில் கிரம்மன் விமானக் கம்பெனியில் டிசைன் இன்ஜினியராக இருந்தார். ஜெனரல் டைனமிக்ஸிலும் வேலை பார்த்தார். பெர்க்லியில் முனைவர் பட்டம் அதற்குப் பிறகுதான். ஜான் ஹால்க்விஸ்ட் லிவர்மோர் ஆய்வகத்தில் எழுதிய டைனா3டிதான் பின்னாளில் எல்எஸ்-டைனா ஆனது. உனக்கு வேலை தருகிறவர்கள் ஓட்டுவது பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும். கம்பெனிக்கும் ஆராய்ச்சிக்கும் நடுவே சுவர் கிடையாது. பிஎச்.டி. முடித்துவிட்டுக் கல்லூரிக்குத்தான் போக வேண்டும் என்றும் இல்லை. அப்பாவிடம் இதைச் சொல்.

எந்த ஊர், எந்தக் கல்வி நிறுவனம் என்பதைவிட, யாரிடம் சேர்கிறாய் என்பதைப் பார். நேர்காணலில் அவர்கள் உன்னைக் கேட்பார்கள். முடிந்ததும் நீ அவர்களிடம் கேள். குழுவின் நிரலை யார் எழுதுகிறார்கள், பழைய மாணவர் போனபின் அதை யாராவது ஓட்ட முடிகிறதா, சோதனைகளை யாரோடு சேர்ந்து செய்கிறீர்கள். இப்போதிருக்கும் மாணவர்களைத் தனியாகப் பார்த்து, ஒரு கட்டுரை தள்ளுபடியானால் வழிகாட்டி எப்படி நடந்துகொள்கிறார் என்றும் விசாரி. வெளியீட்டு எண்ணிக்கையை மட்டுமே பெருமையாகப் பேசுகிற இடமாக இருந்தால், எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும் வேண்டாம்.

வேலைக்குப் பதில் சொல்ல இந்த மாதக் கடைசிவரை நேரம் இருக்கிறது என்றாய். அதற்குள் இரண்டு குழுக்களையாவது நேரில் போய்ப் பார்த்துவிடு. உதவித்தொகை, வீட்டுச் செலவு பற்றி அப்பாவிடம் நானே பேசுகிறேன்; ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டில் இருப்பாரா என்று மட்டும் கேட்டுச் சொல்.

அன்புடன்,
மாமா