முதலாளியே முதல் மாணவர்

கேள்வி: திருப்பூரில் பனியன் கம்பெனி நடத்துகிறேன். செயற்கை நுண்ணறிவுப் பயிற்சிக்கு யாரை அனுப்பலாம்?

பதில்: தாங்களே செல்லுங்கள்; எதற்குக் கருவி வேண்டுமென்று தீர்மானிக்க வேண்டியவர் முதலாளியே. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்தது முதல், எந்தக் கருவியை வாங்குவது என்ற விசாரத்திலேயே பலர் காலத்தைக் கழிக்கின்றனரேயன்றி, தம் தொழிலில் எவ்விடத்தில் நஷ்டம் நேர்கிறதென்று நிதானமாக ஆராய்வோர் சிலரே. துணியிலுள்ள ஓட்டையும் எண்ணெய்க் கறையும் தைத்து முடித்த பின்னரே கண்ணில் படுகின்றனவா, அல்லது வெளிநாட்டுப் பையருக்கு விலை சொல்லிப் பதில் எழுதவே நாட்கள் கழிகின்றனவா என்று கணக்குப் பார்த்து, ஒன்றை மட்டும் தேர்ந்து, அதில் கருவியை மூன்று மாதம் பரீட்சித்து, முன்னும் பின்னும் ஆன செலவை ஒப்பிடுவதே விவேகம். செயற்கை நுண்ணறிவு தவறான விடையையும் திடமாகவே சொல்லுமாதலால், செக்கிங் பிரிவிலுள்ள அனுபவஸ்தர்களை ஒருபோதும் விலக்கலாகாது. பையரின் டிசைன்களையும் விலைப்பட்டியலையும் இலவசச் சேவைகளில் ஏற்ற வேண்டாமென்று இன்றே அலுவலகத்தாருக்குச் சொல்லிவிடுங்கள்.