நோயுற்ற உறவினரும் நம் இல்லமும்

நற்காட்சியின் எட்டு உறுப்புக்களுள் உவர்ப்பின்மையும் ஒன்று. நோயுற்ற உடலைக் கண்டு அருவருத்து விலகாமையே அதன் பொருள். இதனை ஓதுதல் எளிது, எச்.ஐ.வி. தொற்றும் காசநோயும் ஒருசேரப் பற்றிய உறவினர் நம் இல்லத்திலேயே இருக்கும்போது கடைப்பிடித்தல் அரிது. பெரம்பலூர், அரியலூர் வட்டாரங்களில் வாழ்வோர்க்கு இந்நிலை நேரின் செய்யத்தக்கன யாவை என ஈண்டுக் காண்போம்.

வீட்டில் வைத்துப் பேணினால் பிறருக்கும் பரவுமே என அஞ்சுவர். இவ்வச்சத்திற்குச் சென்னையிலேயே விடை கிடைத்தது. 1956-இல் அங்கு நிறுவப்பெற்ற காசநோய் ஆய்வு மையம், நோயாளருள் ஒரு சாராரை மருத்துவமனையிலும் மறு சாராரை அவர்தம் எளிய இல்லங்களிலும் வைத்து, ஒரே மருந்தை ஓராண்டு கொடுத்தது. 1959-இல் முடிவு வெளியாயிற்று. இல்லத்தில் இருந்தோரும் ஏறத்தாழ அவ்வளவே நலமுற்றனர். ஐந்தாண்டு கண்காணித்தும், அவர்தம் குடும்பத்தார்க்குக் கூடுதல் தீங்கு காணப்படவில்லை. காத்தது மருந்தே, ஒதுக்கம் அன்று.

காசநோய் இருமலின்போது காற்றில் பரவும். ஆதலின் சன்னல்களைத் திறந்து வைத்தலும், தொடக்க வாரங்களில் நோயாளர் முகக்கவசம் அணிதலும் வேண்டும். வீட்டிலுள்ளோர் அனைவரும் பரிசோதனை செய்துகொண்டு, மருத்துவர் கூறின் தடுப்பு மருந்தும் உண்ணல் வேண்டும். எச்.ஐ.வி. காற்றில் பரவாது. தட்டு, குவளை, தொடுகை ஆகியவற்றால் இவ்விரண்டுமே பரவா.

சாதாரணக் காசநோய்க்கு ஆறு திங்கள் மருந்து போதும்; எச்.ஐ.வி. மருந்து வாழ்நாள் முழுதும் வேண்டும். இரண்டையும் சேர்த்து உண்ணும்போது, காசநோய் மருந்தாகிய ரிஃபாம்பிசின், டோலுடெக்ராவிர் என்னும் எச்.ஐ.வி. மருந்தின் வலிமையைக் குறைக்கும். அதனால் டோலுடெக்ராவிரைப் பன்னிரண்டு மணி நேர இடைவெளியில் இருவேளை தருவர். இரவுண்ணா நோன்புடையோர் இவ்விரண்டாம் வேளையை விட்டுவிடலாகாது. காலை ஐந்தரை, மாலை ஐந்தரை என வகுத்துக்கொள்ளலாமா என மருத்துவரைக் கேட்பின், நோன்பும் நிற்கும், மருந்தும் தவறாது.

முட்டையும் புலாலும் இன்றித் தேறுவாரோ எனச் சிலர் வினவுவர். சார்க்கண்டு மாநிலத்தில் நடைபெற்று 2023-இல் வெளியான ஆய்வில் அரிசி, பருப்பு, கடலை மாவு, பால்பொடி, எண்ணெய் ஆகியவையே வழங்கப்பட்டன. நோயாளரின் குடும்பத்தார்க்கும் உணவு கொடுத்ததனால், அவர்களிடையே காசநோய் ஐந்தில் இரு பங்கு குறைந்தது. நம் அடுக்களையில் இல்லாத பொருள் இவற்றுள் எது? காசநோயாளர்க்கு உணவுக்கென அரசு 2024 நவம்பர் முதல் திங்கள்தோறும் 1000 ரூபாய் வழங்குகிறது.

அரசு மருத்துவமனைகளின் நம்பிக்கை மையங்களில் எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் இலவசம். 1097 என்னும் தொலைபேசி எண்ணிலும் ஐயம் தெளியலாம். நோயாளரின் இசைவின்றி அவர்தம் எச்.ஐ.வி. நிலையை வெளியிடுதலை, 2018 செப்டம்பர் முதல் நடைமுறையிலுள்ள 2017-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. உறவினரிடையே பேசுவோரும் இதனை நினைவிற்கொள்க.

நோய் எவ்வாறு வந்தது என வினவுதலால் யாதொரு பயனும் இல்லை. இன்று மருந்துண்டீர்களா என வினவுக; உடன் அமர்ந்து உண்க. உவர்ப்பின்மை என்பது அதுவே.